மாத்திரைக்கும் ஏகாதசி!

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் எண்ணத் தோன்றும். கல்யாணத்துக்குப் போனால் முகூர்த்தத்தைப் பார்க்க மாட்டோம். பந்தியில் எத்தனை இலை என்று பார்ப்போம். பரிட்சையில் பாலன்ஸ் ஷீட் டேலி ஆகாமல் அழுத ஜென்மங்கள். அந்தப் பழக்கம் சாகும்வரை போகாது.

போன மாதம் 16-ம் தேதி காலை மயிலாப்பூரில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். மாட வீதியிலிருந்து பிரிகிற சந்து. ஆட்டோ உள்ளே வரும், திரும்பாது. ரிவர்ஸில்தான் வெளியே போக வேண்டும். வருமான வரிப் படிவத்தில் கையெழுத்து வாங்கப் போனவன், காபி வருவதற்குள் கை சும்மா இருக்காமல் அலமாரியைப் பார்த்தேன். சர்க்கரை டப்பா, அதற்குப் பக்கத்திலேயே சர்க்கரை மாத்திரை டப்பா. இரண்டும் சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன.

மாத்திரை டப்பாவில் பெரியப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை அட்டைகள். கூடவே மருந்துக்கடை பில். ஒன்றாம் தேதி வாங்கியது, 30 மாத்திரை. நாளைக்கு ஒன்று. பதினைந்து நாள் முடிந்துவிட்டது. மீதி 15 இருக்க வேண்டும். எண்ணினேன். 22!

"என்ன பெரியப்பா, ஏழு மாத்திரை இலவச இணைப்பா?"

பெரியப்பா 'ஹிந்து'வை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டார். நாற்பது வருடம் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்தவர். ஸ்டாக் கணக்கில் மாட்டினால் தப்ப முடியாது என்று அவருக்குத் தெரியும்.

"ஒற்றைப்படைத் தேதியில மட்டும் போட்டுக்கறேன்டா. மாசத்துல ரெண்டு ஏகாதசி வயித்துக்கு லீவு விடறோமில்லையா, அது மாதிரி மாத்திரைக்கும்..."

"ஏகாதசி மாசத்துக்கு ரெண்டு. உங்களுக்குப் பதினைஞ்சு வருதே!"

அவர் சிரிக்கவில்லை. சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "உன் பெரியம்மா இன்சுலின் ஒரு வேளை தப்பக் கூடாது. அவளுக்கு எல்லாம் முழுசா வாங்கிடறேன். என்னோடதைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா மாசக் கணக்கு சரியாப் போறது. அவகிட்ட சொல்லித் தொலைக்காதே."

காபி வந்தது. எனக்கு இறங்கவில்லை.

வீட்டு பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் நாம் என்ன செய்வோம்? சினிமாவை வெட்டுவோம், ஓட்டலை வெட்டுவோம். பெரியப்பா தன் மாத்திரையை வெட்டியிருக்கிறார். ரத்த அழுத்தம் என்பது வலிக்காத வியாதி. மாத்திரை போடாவிட்டாலும் மறுநாள் காலையில் எழுந்து வாக்கிங் போகலாம். 'பார்த்தியா, ஒண்ணும் ஆகலை' என்று மனசு சொல்லும். ஆனால் அழுத்தம் உள்ளுக்குள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் மூளையில் ரத்தக்குழாய் அடைத்தால் அல்லது வெடித்தால், அப்போது வரும் பில்லுக்கு இந்தச் சந்து வீட்டையே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். மாத்திரையில் மிச்சம் பிடித்தது ஆம்புலன்ஸ் வாடகைக்குக் கூடக் காணாது.

இது பெரியப்பா ஒருவர் கதை என்றால் இதை எழுதவே வேண்டாம். உங்கள் தெருவில் கதவைத் தட்டிப் பாருங்கள். பாதி மாத்திரை, ஒன்றுவிட்டு ஒரு நாள், 'மாசக் கடைசி, ஒண்ணாம் தேதி வாங்கிக்கலாம்' என்று விதவிதமான விரதங்கள் நடந்துகொண்டிருக்கும்.

சம்பந்தி போடுகிற மெனு

கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள்: ஒரே சரக்கைப் பத்துப் பேர் விற்றால் விலை இறங்கும். மருந்தில் மட்டும் அந்த விதி ஏன் பல்லிளிக்கிறது?

மருந்துச் சந்தை ஒரு விசித்திரமான கல்யாணம். மெனு போடுகிறவர் சம்பந்தி, பில் கட்டுகிறவர் பெண் வீட்டுக்காரர், சாப்பிடுகிறவர் மூன்றாமவர். சீட்டு எழுதுகிற டாக்டர் பணம் கொடுப்பதில்லை. பணம் கொடுக்கிற நமக்கு எதை வாங்குவது என்று தீர்மானிக்கிற அறிவும் இல்லை, உரிமையும் இல்லை. டாக்டர் ஒரு பிராண்டின் பெயரை எழுதிவிட்டால், அதே சரக்கு உள்ள மலிவான வேறு பிராண்டைக் கடைக்காரர் தானாக மாற்றிக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். மாற்றிக் கொடுக்க அவருக்கு ஆசையும் இருக்காது. கமிஷன் என்பது சதவிகிதக் கணக்கு. நூறு ரூபாய் அட்டையில் கிடைப்பதைவிட இருநூறு ரூபாய் அட்டையில் கிடைப்பது இரண்டு மடங்கு. சூட்கேஸோடு டாக்டர் வாசலில் காத்திருக்கிறாரே மெடிக்கல் ரெப், அவருடைய சம்பளம், பைக் பெட்ரோல், டாக்டர் மேஜையிலிருக்கிற காலண்டர் எல்லாமே அந்த அட்டைக்குள்தான் அடக்கம்.

இந்தப் பிராண்ட் பெயர்களையே படிப்படியாக ஒழித்துவிடலாம் என்று 1975-லேயே ஹாத்தி கமிட்டி சிபாரிசு செய்தது. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. டாக்டர்கள் மருந்தின் மூலப்பெயரைத்தான் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி போட்டது. டாக்டர்கள் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, அதே மாதத்திலேயே விதி நிறுத்தி வைக்கப்பட்டது. நம்மூர் சீரியலில் கூட ஒரு கல்யாணம் இத்தனை சீக்கிரம் நின்றதில்லை!

டாக்டர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. "மூலப்பெயரை மட்டும் எழுதினால் எந்தக் கம்பெனி மருந்து என்று கடைக்காரர்தானே முடிவு செய்வார்? தரத்துக்கு யார் கேரண்டி?" என்கிறார்கள். தட்டிக் கழிக்கிற கேள்வி இல்லை. இதற்குப் பதில் சொன்ன ஊர் ஒன்று இருக்கிறது. எழும்பூர் பக்கம் போனால் தெரியும்.

பாந்தியன் சாலை மளிகைக்கடை

அரசு ஆஸ்பத்திரி மருந்து என்றால் ஒரு காலத்தில் என்ன ஞாபகம் வரும்? ஒரே பாட்டிலில் எல்லா நோய்க்கும் ஒரே கலர் தண்ணீர். மருந்து வாங்குவதற்குத் தனித்தனி இயக்குநரகங்கள், தனித்தனி ஆர்டர்கள். ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து காலாவதியாகிக் குவிந்து கிடக்கும். அடுத்த ஆஸ்பத்திரியில் 'இல்லை' போர்டு தொங்கும்.

1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஓர் அரசு நிறுவனம் பிறந்தது. 1995 ஜனவரியில் மருந்து சப்ளையைக் கையிலெடுத்தது. ஐ.ஏ.எஸ். அதிகாரி பூரணலிங்கம் அதன் முதல் நிர்வாக இயக்குநர். அவர்கள் செய்தது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. நல்ல குடும்பத் தலைவி மளிகை வாங்குகிற விதம்தான்.

முதலில் லிஸ்ட். சந்தையில் ஆயிரக்கணக்கான பிராண்டுகள் இருக்கட்டும். நம் ஊர் நோய்களுக்கு அவசியமானவை எவை என்று டாக்டர்களை உட்கார வைத்துப் பட்டியல் போட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 1977-ல் 'அத்தியாவசிய மருந்துகள்' என்று சுமார் இருநூறு மருந்துகளைப் பட்டியல் போட்டுக் காட்டிய வழி அது.

இரண்டாவது, மொத்தக் கொள்முதல். மாநிலம் முழுதுக்கும் ஒரே டெண்டர். மூலப்பெயரில், தயாரிப்பாளரிடமே நேரடியாக. டெண்டருக்கு இரண்டு கவர். முதல் கவரில் கம்பெனியின் தகுதி, உற்பத்தித் தரம்; இரண்டாவது கவரில் விலை. முதல் கவரில் ஃபெயிலானவருடைய இரண்டாவது கவரைப் பிரிப்பதே இல்லை. ஜாதகம் பொருந்தாவிட்டால் பெண் பார்க்கப் போவதில்லை!

மூன்றாவது, சோதனை. வந்து இறங்குகிற சரக்கில் மாதிரி எடுத்து, யார் தயாரித்தது என்று தெரியாதபடி மறைத்து, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். பாஸானால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். தப்பு செய்கிற கம்பெனிக்குக் கறுப்புப் பட்டியல்.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: பாஸ் புக்! ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் வருடத்துக்கு இத்தனை ரூபாய் என்று ஒதுக்கி, பாங்க் பாஸ் புக் மாதிரி ஒன்று கொடுத்துவிடுவார்கள். மாவட்டக் கிடங்குக்குப் போய் வேண்டிய மருந்தை எடுத்துக்கொண்டு பற்று எழுத வேண்டியது. பேதி சீஸனா, அதற்கான மருந்து. பாம்புக்கடி அதிகமா, விஷமுறிவு மருந்து. தேவையை மேலே உட்கார்ந்திருப்பவர் ஜோசியம் பார்த்துச் சொல்வதில்லை. கீழே இருப்பவர் கேட்டு வாங்குகிறார்.

அட்டையிலேயே தமிழ்நாடு அரசு முத்திரை அச்சடித்து விட்டதால், பின்வாசல் வழியாகக் கடைக்குப் போகிற வித்தையும் கஷ்டமானது. கேரளமும் ராஜஸ்தானும் பிற்பாடு இதே மாதிரி தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. அங்கேயும் 'ஸ்டாக் இல்லை' என்ற பதில் வருகிற நாள் உண்டு, வரிசை உண்டு, சிடுசிடு முகங்களும் உண்டு. ஆனால் ஒரு விஷயம் நிரூபணமாகிவிட்டது. மருந்தின் உற்பத்திச் செலவும் அட்டையில் அச்சடித்த விலையும் ஒன்றுக்கொன்று தூரத்து உறவு கூடக் கிடையாது.

"இவ்வளவு இருக்கே, நீங்க ஏன் பெரியப்பா பக்கத்துல மாநகராட்சி ஹெல்த் சென்டருக்குப் போறதில்லை? பிரஷர் மாத்திரை சும்மாவே கொடுப்பாங்களே?"

"கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி வரிசையிலயா? தெரிஞ்சவா யாராவது பார்த்தா என்னடா நினைப்பா?"

நமது மத்தியதர வர்க்கத்தின் நோய்களிலேயே குணப்படுத்த முடியாத நோய் இதுதான். தமிழ்நாட்டுப் பொது சுகாதாரத்தைப் பற்றிப் பீற்றிக்கொள்ள நமக்குக் கூச்சமில்லை. அதில் ஒரு மாத்திரை வாங்கிக்கொள்ள மட்டும் கூச்சம்!

அடையாறும் ஓர் ஏப்ரல் ஒண்ணும்

விலை மலிவாக இருந்தால் மருந்து போலி என்பவர்களுக்காக ஒரு கதை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் பன்னிரண்டு படுக்கையோடு ஆரம்பித்தது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். பணம் இல்லை என்பதற்காக நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அந்த இடத்தின் கொள்கை. ஆனால் புற்றுநோய்க்குப் புதிதாக வருகிற மருந்துகளின் விலை, கொள்கையை எல்லாம் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு 'இமாடினிப்' என்று ஒரு மருந்து. நோவார்டிஸ் கம்பெனியின் பிராண்ட் 'கிளிவெக்'. மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். நம் நாட்டுக் கம்பெனிகள் தயாரித்தது பத்தாயிரத்துக்குள். நோவார்டிஸ் பேடன்ட் கேட்டு விண்ணப்பித்தது. 2006 ஜனவரியில் அதை நிராகரித்தது எந்த ஊர் ஆபீஸ் தெரியுமா? நம்ம சென்னை பேடன்ட் ஆபீஸ்!

2005-ல் திருத்திய பேடன்ட் சட்டத்தில் 3(டி) என்று ஒரு பிரிவு. பழைய மருந்தில் லேசாக மாற்றம் செய்துவிட்டு, பலன் கூடாதபோது, 'புதுசு' என்று பேடன்ட் வாங்க முடியாது என்கிறது. அதாவது, நேற்றைய சாம்பாரில் கொத்துமல்லியைக் கிள்ளிப் போட்டுவிட்டு, 'இது புது சாம்பார், இருபது வருஷத்துக்கு வேறு யாரும் வைக்கக் கூடாது' என்று சொல்ல முடியாது. கம்பெனி அந்தப் பிரிவையே எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2007 ஆகஸ்டில் வழக்கு தள்ளுபடி. பேடன்ட் கேட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று அங்கேயும் தோற்றது. ஏப்ரல் ஒண்ணு என்பதால் நம்பாமல் இருந்துவிடாதீர்கள், நிஜமாகவே நடந்தது!

கம்பெனி தரப்பில் சொன்னது என்ன? 'ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டாமா? எங்கள் மருந்தைப் பெரும்பாலான நோயாளிகளுக்கு இலவசமாகவே கொடுக்கிறோமே?' என்றார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும்தான். ஆனால் ஒருவர் மனசு வைத்துக் கொடுக்கிற இலவசத்தை நம்பி மாதாமாதம் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பதும், நம் சம்பாத்தியத்தில் வாங்கக்கூடிய விலையில் மருந்து கிடைப்பதும் ஒன்றா?

எதற்கு முதல் ரூபாய்?

பெரியப்பா மாதம் ஒன்றாம் தேதி நோட்டில் எழுதுவதைத்தான் அரசாங்கமும் வருடத்துக்கு ஒரு முறை செய்கிறது. வரவு இவ்வளவு, எதற்கு முதலில்?

தேசிய சுகாதாரக் கணக்கின்படி, 2013-14-ல் நம் நாட்டில் வைத்தியத்துக்குச் செலவான ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 64 ரூபாய் மக்கள் தங்கள் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தது. 2021-22-ல் அது 39 ஆனது. முன்னேற்றம்தான். ஆனாலும் ஐந்தில் இரண்டு பங்கு! அரசாங்கச் செலவை 2025-க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவிகிதம் ஆக்குவோம், அதிலும் மூன்றில் இரண்டு பங்கை ஆரம்ப சுகாதாரத்துக்குக் கொடுப்போம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை எழுதி வைத்தது. 2021-22-ல், கொரோனா காலத்துச் செலவெல்லாம் சேர்ந்துமே, 1.84 சதவிகிதம்தான் எட்டியது.

மக்கள் கையிலிருந்து போகிற பணத்தில் பெரிய பங்கு மருந்துக்குத்தான். நமது காப்பீட்டுத் திட்டங்களோ பெரும்பாலும் படுக்கையில் விழுந்த பிறகு வருபவை. பெரியப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தால் கார்டு வேலை செய்யும். அந்த அடைப்பு வராமல் இருக்க தினமும் போடுகிற மாத்திரைக்கு வேலை செய்யாது. கூரை ஒழுகும்போது ஓடு மாற்றப் பணமில்லை; வீடு இடிந்தால் கட்டித் தருகிறோம் என்கிற மாதிரி.

ஆபரேஷனுக்குப் பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும். ஆனால் வெட்டுவதற்கு ரிப்பன் இல்லாத செலவுகளுக்கு யார் வாதாடுவது? 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. அது சரியான திசை.

இன்னொரு ரிப்பன் இல்லாத செலவு, மருந்து ஆய்வாளர். 2025 அக்டோபர் ஞாபகம் இருக்கிறதா? நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப். பரிசோதித்ததில் டை-எத்திலீன் கிளைகால் என்கிற விஷம் 48 சதவிகிதத்துக்கு மேல். மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் அதிகமான குழந்தைகள் போய்விட்டார்கள். கம்பெனியின் லைசென்ஸ் அப்புறம் ரத்தானது. அப்புறம்! மலிவு மட்டும் போதாது; மலிவானதைச் சோதிக்க ஓர் ஆள், ஒரு லாப், ஒரு நேர்மையான கையெழுத்து வேண்டும். அந்தச் செலவில் மிச்சம் பிடிப்பதும் மாத்திரைக்கு ஏகாதசிதான்.

தி.நகர் விஜயம்

மறுநாளே பெரியப்பாவை அவருடைய குடும்ப டாக்டரிடம் இழுத்துப் போனேன். "மூலப்பெயர்ல எழுதித் தர முடியுமா டாக்டர்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"தாராளமா. நீங்க கேட்கலை, நான் எழுதலை" என்றார். முடிந்தது விஷயம்! எழுதிவிட்டு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். "வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற மருந்து, இதெல்லாம் யாரா இருந்தாலும் தானா கம்பெனி மாத்தக் கூடாது. எங்ககிட்ட கேட்டுட்டுத்தான். இவரும் ஒரு மாசம் கழிச்சு வந்து பிரஷர் பார்த்துக்கணும்."

2025 பிப்ரவரி 24 அன்று தி.நகர் பாண்டி பஜாரிலிருந்துதான் முதல்வர் மருந்தகங்கள் ஆயிரத்தைத் தொடங்கி வைத்தார்கள். மத்திய அரசின் மக்கள் மருந்தகம் 2008-லிருந்தே இருக்கிறது. 'பார்த்துவிடலாம்' என்று ஆட்டோ ஏறினோம். சீட்டைக் கையில் பார்த்த டிரைவர், "அட, நம்ம வூட்டாண்டயே அந்தக் கடை கீது சார். எங்கம்மாவுக்கு சுகர் மாத்ர அங்கதான் வாங்குறேன். நீங்கல்லாம் பெரிய கடையிலதான வாங்குவீங்க?" என்றார். பெரியப்பா வெளியே பனகல் பார்க்கை ரொம்ப கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

கடையில் பில் போட்டார்கள். இரண்டு பேருக்கும் மாத்திரைகள் முழு மாதத்துக்கு வாங்கினால் பழைய கடையில் 1,480 ரூபாய். இங்கே 410. ஒரு மாத்திரை கிடைக்கவில்லை. வேறு கடையில் வாங்கியது தனி. இன்சுலின் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. அது ஏற்கெனவே விலைக் கட்டுப்பாட்டில் இருக்கிற சரக்கு. ஆனாலும் மிச்சம் ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில். பெரியப்பா பில்லை மூன்று தடவை கூட்டிப் பார்த்தார். (குடும்ப வியாதி!)

திரும்பும்போது மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு வருஷமா ஒற்றைப்படைத் தேதி பார்த்துண்டிருந்தேன்டா. ஒரு கேள்வி கேட்டிருந்தா போதுமா?"

பெரியப்பாவுக்குக் கேட்க ஒரு மருமானோ தம்பி பிள்ளையோ இருந்தான். எல்லோர் வீட்டிலும் பி.காம். இருக்க மாட்டான். வாசகர்களே, அடுத்த தடவை உங்கள் அப்பா, அத்தை, மாமனார் வீட்டுக்குப் போகும்போது நலம் விசாரித்தால் மட்டும் போதாது. 'நல்லாயிருக்கேன்' என்றுதான் சொல்வார்கள். பேசிக்கொண்டே மாத்திரையை எண்ணிவிடுங்கள்.

இந்த மாதம் 16-ம் தேதி போனேன். டப்பாவைத் திறந்தேன். பதினைந்து. டேலி! பிரஷரும் இறங்கியிருப்பதாக டாக்டர் சொன்னாராம்.

திருப்தியோடு பக்கத்து டப்பாவையும் திறந்தேன். மைசூர்பாகு. எண்ண ஆரம்பிப்பதற்குள் பெரியப்பா பாய்ந்து வந்து மூடினார்.

"டேய், அது ஆடிட்டுக்கு வராது!"